முற்றம் இல்லாத வீடு: உல்லாசக் கப்பல் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஒரு சின்ன அறிவித்தல் வந்திருந்தது: உல்லாசக் கப்பல்களில் 17 வருடம் அறைப் பணியாளராக இருந்து திருகோணமலைக்குத் திரும்பியவர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வார் என்று. அந்த ஆள் நான்தான். டச்பே கடற்கரைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். அப்பா கரைவலை இழுத்தவர். 2005-இல் கப்பலேறி 2022-இல் இறங்கினேன். 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ கப்பல் நம் துறைமுகத்துக்கும் வந்துபோனதிலிருந்து ஊரில் கப்பல் கதை கூடிவிட்டது. கடிதங்களும் நினைத்ததைவிட அதிகம். முடிந்தவரை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் எனக்கும் கணவருக்கும் ஏழு நாள் கப்பல் பயணம் ஒழுங்குசெய்திருக்கிறான். யன்னல் இல்லாத உள்ளறைதான் கிடைத்ததாம். மூச்சு முட்டாதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, உவர்மலை

மூச்சு முட்டாது, ரீச்சர். குழாய் வழியாகக் காற்று வந்துகொண்டே இருக்கும். சிக்கல் காற்றில் இல்லை, நேரத்தில்தான். விளக்கை அணைத்தால் அந்த இருட்டுக்கு விடியலே கிடையாது. பகல் பதினொரு மணிக்கு நான் கதவைத் தட்டும்போது, “இன்னும் விடியவில்லையே, தம்பி” என்று அரைக்கண்ணில் சொன்னவர்கள் எத்தனையோ பேர். காலைச் சாப்பாடு முடிந்து மேசையும் துடைத்திருப்பார்கள்.

நான் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழி இது. பல கப்பல்களில் அறைத் தொலைக்காட்சியின் ஒரு சனல், முன்பக்கக் கமரா காட்டும் கடலை நாள் முழுக்கக் காட்டும். சத்தத்தைக் குறைத்து, அதைப் போட்டபடி படுங்கள். கடல் வெளுக்கும்போது உங்கள் அறையும் வெளுக்கும்.

அறையை இன்னும் மாற்ற முடியுமென்றால் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். மேல் தளத்திலும் அறை, கீழ்த் தளத்திலும் அறை, நீளத்தில் கப்பலின் நடுப்பகுதி. அப்படி ஒரு இடம் பார்க்கட்டும். தலைக்கு மேலே நீச்சல்குளத் தளம் வந்தால், விடிய ஐந்து மணிக்கே கதிரைகளை இழுத்து அடுக்குகிற சத்தம் கேட்கும். முன்நுனியில் கிடைத்தால், நங்கூரச் சங்கிலி இறங்கும்போது கூரையில் ஒரு லொறிக் கல்லைக் கொட்டியது போல இருக்கும். யன்னலைவிட இந்தச் சத்தங்களைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் முடிவு.

என் மனைவிக்கு ஹபரணைக்குப் பஸ்ஸில் போனாலே வாந்தி. கப்பலில் தாங்குவாவா?
— கடைக்காரர், கிண்ணியா

தாங்குவா. நான் தாங்கினேன். மீன்பிடிகாரன் பிள்ளை, எனக்கென்ன என்று நினைத்துத்தான் போனேன். அப்பா செய்ததோ கரைவலை, கரையில் நின்று இழுக்கிற தொழில். நான் அதற்கு முன் ஆடியதெல்லாம் மூதூர் லோஞ்சில், கார்த்திகை மாதக் கொட்டியாரக்குடாவில்தான். முதல் மூன்று நாள் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்தபடி கட்டில்கள் விரித்தேன். பிலிப்பைன்ஸ்காரரான என் மேற்பார்வையாளர் ஒரு பச்சை அப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுவந்து தந்து, “வெறும் வயிற்றோடு நிற்காதே” என்றார். அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

பெரிய கப்பல்களின் இரு பக்கத்திலும் நீருக்கடியில் மீன் செட்டை போல இரண்டு தகடுகள் இருக்கும். பக்கவாட்டு ஆட்டத்தை அவை நன்றாகக் குறைத்துவிடும். முன்னும் பின்னும் தூக்கிப் போடுகிற ஆட்டத்துக்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதனால் நடுப்பகுதி, கீழ்த் தளம். மாத்திரை எடுப்பதென்றால் டொக்டரிடம் கேட்டு, ஆடத் தொடங்குமுன் எடுக்க வேண்டும். வாந்தி தொடங்கியபின் போட்டால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். இஞ்சி உதவும். அறைக்குள் போனைப் பார்த்துக்கொண்டு கிடக்காமல் மேலே வந்து, தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.

போன வருடம் கப்பலில் போனோம். காலை ஏழு மணிக்குப் போனாலும் குளத்தடிக் கதிரைகள் எல்லாவற்றிலும் துவாய், ஆளைக் காணோம். கேட்டால் சண்டை. இதற்கு முடிவே இல்லையா?
— வங்கி ஊழியர், கந்தளாய்

தம்பி, நம்மூர் பஸ் ஸ்டாண்டில் யன்னலுக்குள்ளால் கைக்குட்டை போட்டு சீற் பிடிக்கிறோமே, அதுதான் இது. நாடு எதுவானாலும் மனிதனுக்கு இந்தப் புத்தி ஒன்றுதான். மாலையில் கட்டிப்பிடித்து நடனமாடிய இரண்டு குடும்பங்கள், மறுநாள் காலையில் ஒரு பிளாஸ்டிக் கதிரைக்காக முகம் திருப்பிக்கொண்டதைக் கண்டிருக்கிறேன்.

பல கப்பல்களில் விதி இருக்கிறது. அரை மணித்தியாலமோ கொஞ்சம் கூடவோ ஆள் வராவிட்டால், பணியாளர் துவாயையும் சாமானையும் எடுத்து ஒரு பக்கம் வைக்கலாம். அதனால் நீங்கள் கைவைக்காதீர்கள். குளத்தடிப் பணியாளரைக் கூப்பிட்டு, நேரத்தைச் சொல்லி, அவரையே எடுக்கச் சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள். துவாய்க்காரர் திரும்பி வந்து கத்துவது உங்களிடம் அல்ல, அந்தப் பெடியனிடம்தான். அவன் பதிலுக்குச் சிரிக்க மட்டும்தான் முடியும்.

நிழலும் அமைதியும் போதுமென்றால் குளத்தடியை விடுங்கள். உயிர்காப்புப் படகுகள் தொங்கும் தளத்தில் கப்பலைச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கும். அங்கே கதிரை போட்டிருந்தால் அதைவிட நல்ல இடம் கப்பலில் இல்லை. கடலும் கைக்கெட்டும் தூரத்தில் ஓடும்.

என் கணவர் கப்பலில் லொண்டரியில் வேலை. கலியாணம் முடித்து மூன்று வருடம். போன் எடுத்தால் இரண்டு நிமிடம் கதைத்துவிட்டு, “நித்திரை வருகுது” என்கிறார். பாசம் குறைந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தங்கை, நிலாவெளி

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மற்றக் கேள்விகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் எழுதியது இந்தப் பதிலைத்தான்.

உங்கள் கணவர் எங்கே நிற்கிறார் என்று சொல்கிறேன். லொண்டரி கப்பலின் அடிப்பகுதியில் இருக்கும். யன்னல் இல்லை. உலர்த்தும் இயந்திரங்களின் சூட்டில் உடுப்பு உடம்போடு ஒட்டும். ஆயிரக்கணக்கான பேருடைய கட்டில் விரிப்பு, துவாய், மேசைவிரிப்பு, எங்கள் சீருடை எல்லாம் அவர்கள் கையால்தான் வெளுத்து வரும். பயணி அந்த முகங்களை ஒருநாளும் காண்பதில்லை. அறைப் பணியாளனான எனக்காவது “நன்றி” என்ற ஒரு சொல் கிடைத்தது.

வாரத்தில் ஏழு நாளும் வேலை. கப்பல் ஊழியர்களுக்காகக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று 2006-இல் செய்து, 2013 ஓகஸ்ட்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஓய்வென்று கணக்கிட்டால், 24 மணித்தியாலத்தில் குறைந்தது 10 மணித்தியாலமும், 7 நாளில் 77 மணித்தியாலமும் கொடுக்க வேண்டும். அந்தப் பத்தை இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு துண்டு ஆறு மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஆறுக்குள் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், வரிசையில் நின்று சொந்த உடுப்புத் தோய்க்க வேண்டும், உங்களோடும் கதைக்க வேண்டும். மிச்சம்தான் நித்திரை. ஒரே அறையில் மேலும் கீழுமாக இரண்டு கட்டில். ஒருவர் படுக்கும்போது மற்றவரின் அலாரம் அடிக்கும்.

இதோடு மணிக்கூடும் மாறும். கப்பல் மேற்கே போனால் சில இரவுகளில் ஒரு மணித்தியாலம் கூடக் கிடைக்கும்; அன்றைக்கு ஊழியர் சாப்பாட்டறையில் எல்லார் முகத்திலும் சந்தோஷம். கிழக்கே போனால் அதையே பிடுங்கிக்கொள்ளும். ஐரோப்பாவுக்குத் திரும்பும் அத்திலாந்திக் பயணத்தில் 23 மணித்தியால நாட்கள் அடுத்தடுத்து வரும். அந்த வாரம் அம்மா போன் எடுத்தபோது, அவ கதைத்துக்கொண்டிருக்க, நான் போனைக் காதில் வைத்தபடியே நித்திரையாகிவிட்டேன். “உனக்கு நான் வேண்டாமாக்கும்” என்று அம்மா அழுதா. அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். அவருடைய வேலை நேர அட்டவணையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதைக் குசினிச் சுவரில் ஒட்டுங்கள். கப்பல் நேரத்துக்கு இன்னொரு மணிக்கூடு வையுங்கள். சொல்ல வேண்டியதைக் குரல் பதிவாக அனுப்புங்கள். சாப்பிடும்போதோ, லிப்ட்டுக்கு நிற்கும்போதோ திரும்பத் திரும்பக் கேட்பார். வீட்டில் நடக்கும் சின்னச் சின்னதைத்தான் சொல்லுங்கள்: முருங்கை காய்த்தது, முற்றத்தில் மான் வந்து நின்றது, பத்திரகாளி கோயிலடியில் யாரைச் சந்தித்தீர்கள் என்று. கடன், காய்ச்சல், மாமியாரோடு மனத்தாங்கல் எல்லாம் வேலைக்குப் போக ஐந்து நிமிடம் இருக்கும்போது வேண்டாம். அதைச் சுமந்துகொண்டு அவர் பதினொரு மணித்தியாலம் சூட்டுக்குள் நிற்க வேண்டும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் சொல்லுங்கள்.

இரண்டு நிமிடம் கதைக்கிறார் என்றீர்கள். அந்த இரண்டு நிமிடத்தைத் தன் நித்திரையிலிருந்து வெட்டித்தான் தருகிறார், தங்கச்சி.

கப்பல் ரொயிலட் தண்ணீர் ஊற்றாமல் ‘உஷ்’ என்று உறிஞ்சுகிறதாமே? பயமாக இல்லையா?
— மாணவி, சாம்பல்தீவு

காற்றழுத்தத்தால் உறிஞ்சுகிறது, பிள்ளை. தண்ணீர் மிகக் குறைவாகச் செலவாகும். மூடியை மூடிவிட்டு அழுத்தினால் சத்தமும் குறையும். பயப்பட வேண்டியது வேறு: பல அறைகள் ஒரே குழாயில். ஒருவர் ஈரத்துடைப்பானோ குழந்தை அணையாடையோ போட்டால் அந்த வரிசை முழுக்க நின்றுவிடும். நடுச்சாமத்தில் குழாய்காரர் ஒருவர் அதைக் கையால் எடுக்க வேண்டும். கழுவிப் பழகிய நமக்குத் தண்ணீர்க்குழாய் இருக்காது; ஒரு சிறிய போத்தல் கொண்டுபோங்கள்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றாமல் நான் இருந்ததே இல்லை. அறைக்குள் ஒரு சின்ன விளக்கு, கொஞ்சம் சாம்பிராணி. யாருக்கும் தெரியாமல் ஏற்றலாமா? அத்தோடு, ஏறியவுடன் எல்லாரையும் நிற்கவைத்து ஏதோ பயிற்சி செய்கிறார்களாம். முழங்கால் வலிக்காரி நான், தவிர்க்கலாமா?
— ஒரு பாட்டி, செல்வநாயகபுரம்

இரண்டுக்கும் ‘இல்லை’ என்றுதான் சொல்ல வேண்டும், அம்மா. ஏன் என்று சொல்லாமல் போனால் உங்களுக்கு மனம் ஆறாது.

கடலில் நாங்கள் பயப்படுவது புயலுக்கல்ல, நெருப்புக்கு. வீட்டில் தீப்பிடித்தால் முற்றத்துக்கு ஓடலாம். கப்பல் முற்றம் இல்லாத வீடு. அதனால்தான் விளக்கு, கற்பூரம், சாம்பிராணி, துணி அழுத்தும் அயன், தண்ணீர் சுடவைக்கும் கேத்தல் ஒன்றுக்கும் அறைக்குள் அனுமதியில்லை. சாம்பிராணிப் புகை கூரையில் இருக்கும் கருவியை எழுப்பும். நெருப்பணைக்கும் உடுப்போடு ஆட்கள் உங்கள் கதவில் நிற்பார்கள்.

எனக்கும் இப்படி ஒன்று நடந்தது. முதல் ஒப்பந்தத்துக்குப் புறப்படும்போது அம்மா தன் பழைய நூல் சேலை ஒன்றை மடித்துத் தந்தா. கட்டிலுக்கு முன்னால் இருந்த திரை கட்டையாக இருந்தது. அறை நண்பரின் விளக்கு முகத்தில் அடித்தது. நான் சேலையைக் குறுக்கே கட்டினேன். அந்த நாலு முழ நிழலுக்குள் படுத்தால் வீட்டு வாசம் வரும். இரண்டாவது வாரம் அறைப் பரிசோதனைக்கு வந்த அதிகாரி அதைக் கழற்றி என் கையில் தந்தார். கப்பல் திரை எளிதில் தீப்பிடிக்காத துணி, நூல் சேலை அப்படியல்ல என்று விளக்கினார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. பிறகு ஒவ்வொரு வாரமும் நெருப்புப் பயிற்சியில் தண்ணீர்க் குழாயைத் தோளில் தூக்கி ஓடியபோது அது எனக்கு இன்னும் வடிவாக விளங்கியது. சேலையை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

பயிற்சியைத் தவிர்க்காதீர்கள். ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல். அது கேட்டால் எங்கே போக வேண்டும் என்று உங்கள் கால் அறிந்திருக்க வேண்டும். 2012 ஜனவரி 13-ஆம் திகதி இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே ‘கொஸ்ரா கொன்கோர்டியா’ பாறையில் மோதிச் சரிந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ஏறிய பலருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அந்நாளைய விதி 24 மணித்தியாலத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்தது. இப்போது புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனேயே நடத்த வேண்டும். நான் அப்போது வேறொரு கப்பலில் இருந்தேன். அந்தச் செய்தி வந்த காலையில் எங்கள் சாப்பாட்டறையில் கரண்டிச் சத்தம்கூட இல்லை. அதன் பிறகு யாராவது “இது நேர விரயம்” என்றால் எனக்குப் பொறுக்காது.

முழங்கால் வலியை ஏறியவுடன் சொல்லுங்கள். கதிரை தருவார்கள், அவசரத்தில் உங்களை யார் அழைத்துப்போவது என்பதையும் எழுதி வைப்பார்கள். பற்றரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்று வாங்கி, வரவேற்பு மேசையில் காட்டிக் கேட்டுவிட்டு வையுங்கள். கோணேசர் கோபிக்க மாட்டார்.

ஹலால் சாப்பாடு கிடைக்குமா? கப்பலில் வயிற்றோட்டம் பரவும் என்கிறார்களே?
— வாசகர், மூதூர்

பயணத்தைப் பதிவுசெய்யும்போதே எழுத்தில் கேளுங்கள். சில கப்பல்களில் உண்டு. பலவற்றில் முன்கூட்டிச் சொன்னால் மட்டும். இல்லாத இடத்தில் மீனும் மரக்கறியும்தான் வழி. ஏறிய முதல் இரவே உணவறைத் தலைமைப் பரிசாரகரைக் கண்டு சொல்லுங்கள். மறுநாள் பட்டியலை முதல்நாளே காட்டித் தெரிவுசெய்ய விடுவார்கள்.

பரவுவது நோரோ வைரஸ். ஒன்றை மனதில் வையுங்கள்: வாசலில் வைத்திருக்கும் அல்ககோல் ஜெல் அதற்குப் போதாது. சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், அதனால் இரட்டிப்புக் கவனம். பொதுக் கரண்டியைப் பிடித்த கையோடு வாயில் வைக்காதீர்கள்.

வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் மறைக்காமல் மருத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள். அறையிலேயே இருக்கச் சொல்வார்கள் என்ற பயத்தில் பலர் மறைப்பார்கள். ஒருவர் மறைத்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். கைப்பிடி, லிப்ட் பொத்தான், சூதாட்டச் சில்லுகள் வரை மருந்து போட்டுத் துடைப்போம். உணவுக்கூடத்தில் கரண்டியைப் பயணியின் கையில் கொடுக்காமல் நாங்களே பரிமாறுவோம். அந்த வாரம் யாருக்கும் நித்திரை இல்லை. அமெரிக்கத் துறைமுகங்களில் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்லாமல் வந்து ஏறுவார்கள். 100-க்கு 85 எடுத்தாலும் தோல்விதான்; 86 வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் பரீட்சைக்கு அப்படிப் பயந்ததில்லை.

கப்பல் வந்தால் துறைமுக வாசலில் ஓட்டோவோடு நிற்பேன். பாதிப்பேர் கோணேசர் கோயிலையோ நிலாவெளியையோ கேட்கவில்லை, “வைபை எங்கே?” என்றுதான் கேட்டார்கள். இவர்கள் எதற்கு ஊர் பார்க்க வருகிறார்கள்?
— ஓட்டோ ஓட்டுநர், உட்துறைமுக வீதி

தம்பி, அவர்கள் பயணிகள் அல்ல, என்னைப் போன்ற ஊழியர்களாக இருக்கும். எங்களுக்குக் கரையில் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று மணித்தியாலம். அதற்குள் வீட்டுக்கு முகம் பார்த்துக் கதைக்க வேண்டும், காசு அனுப்ப வேண்டும், பாமசியில் மருந்து வாங்க வேண்டும், கப்பல் சாப்பாடு அல்லாத ஒரு சாப்பாடு சாப்பிட வேண்டும். பார்சலோனாவில் எத்தனை தடவை இறங்கினேன்! எனக்குத் தெரிந்த பார்சலோனா ஒரு தொலைபேசிக் கடையும் அதற்குப் பக்கத்துப் பாகிஸ்தான்காரரின் சோற்றுக் கடையும்தான். பின்னாளில் கப்பல்களிலேயே இணைய வேகம் கூடியது. ஆனாலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

அவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடியது: நல்ல இணையம் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையோடு பேசி வைத்திருங்கள். சோறு, மீன்குழம்பு, சம்பல், இஞ்சித் தேத்தண்ணி. பேசின காசையே வாங்குங்கள். அடுத்த தடவை அந்தக் கப்பல் வந்தால் பத்துப் பேர் உங்கள் நம்பரோடு இறங்குவார்கள். ஊழியர்களுக்குள் செய்தி அவ்வளவு வேகமாகப் போகும்.

பயணிகளை ஏற்றினால் முதல் கேள்வி, “எத்தனை மணிக்குக் கப்பலில் நிற்க வேண்டும்?” அடுத்தது, “உங்கள் மணிக்கூட்டில் கப்பல் நேரமா, ஊர் நேரமா?” இரண்டும் சில நாளில் வேறாக இருக்கும். வெளியே போகும்போதும் வரும்போதும் ஒவ்வொருவரின் அட்டையையும் வாசலில் பதிவார்கள், ஆகவே யார் வரவில்லை என்று கப்பலுக்குத் தெரியும். தெரிந்தாலும் அதிக நேரம் காத்திருக்காது. வராதவரின் கடவுச்சீட்டை அறைப் பெட்டகத்திலிருந்து எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஒரு தடவை கணவர் கப்பலின் மேலே நிற்க, மனைவி இரண்டு கையிலும் கடைப் பையோடு இறங்குதுறையில் ஓடிவந்தா. தளம் முழுக்க நின்று கைதட்டி உற்சாகப்படுத்தினோம். ஏணி எடுக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. ஏறிவிட்டா. ஏறியதும் கணவரை முதலில் அணைக்கவில்லை, “ஏன் நீ மட்டும் முன்னுக்கு வந்தாய்?” என்று பையால் ஒரு அடி.

கோணேசருக்குக் கூட்டிப்போகும்போது தோளும் முழங்காலும் மூட வேண்டும் என்று கப்பல் வாசலிலேயே சொல்லுங்கள். மலை ஏறியபின் சொல்லிப் பயனில்லை.

கப்பல் இரவில் நிற்குமா? அங்கே வேலை செய்கிற மாமாக்கள் வீட்டுக்குப் போய்ப் படுப்பார்களா?
— தரம் 5 மாணவன், உப்புவெளி

நிற்காது, ராசா. நீ படுக்கும்போது அது கூடுதலாக ஓடும். காலையில் கண் விழித்தால் வேறு ஊர். வேலை செய்கிற மாமாக்களும் மாமிகளும் கப்பலுக்குள்ளேதான் படுப்பார்கள். பெரிய ஆட்களும் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

உனக்கு இரண்டு இரகசியம். சில கப்பல்களில் நடைபாதைக் கம்பளத்தில் மீன் படம் இருக்கும். எல்லா மீனும் கப்பலின் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் நீந்தும். வழி தவறினால் மீனைக் கேள். மற்றது, பல கப்பல்களில் 13-ஆம் தளம் இல்லை. 12-க்குப் பிறகு 14. நான் துவாயை மடித்து யானை, குரங்கு, முதலை எல்லாம் செய்வேன். யானைக்கு ஒரு பெரிய துவாயும் ஒரு சின்னத் துவாயும் வேண்டும். ஒரு குழந்தை ஏழு நாளும் நான் செய்த யானையைக் கலைக்க விடாமல், தான் தரையில் படுத்தது.

கப்பல் வேலை எடுத்துத் தருவதாக ஒரு முகவர் ஆறு இலட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?
— இளைஞர், தம்பலகாமம்

கொடுக்க வேண்டாம். நான் 2005-இல் அம்மாவின் சங்கிலியை விற்றுக் கொடுத்தவன். அதை மீட்க முதல் ஒப்பந்தத்தின் பாதி போனது.

நான் மேலே சொன்ன அதே உடன்படிக்கை, வேலை தேடித் தருவதற்குக் கப்பல் ஊழியரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது. நீங்கள் செலவழிக்க வேண்டியது மருத்துவச் சான்றிதழ், கடலோடிப் புத்தகம் (கப்பல் ஊழியருக்கான பதிவுப் புத்தகம்), கடவுச்சீட்டு போன்ற பயண ஆவணம், இவைக்குத்தான். வீசாச் செலவுகூடக் கப்பல் உரிமையாளருடையது. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி நீங்கள் எடுக்க வேண்டிவரலாம்: நீரில் உயிர்தப்புதல், நெருப்பணைத்தல், முதலுதவி, பணியிடப் பாதுகாப்பு. அதற்கான கட்டணத்தைப் பயிற்சி நிலையத்தில் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். முகவர் கையில் வேண்டாம். அந்த முகவர் பதிவுபெற்றவரா என்று கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்துறைச் செயலகத்தில் விசாரியுங்கள். ஒப்பந்தத்தில் கப்பலின் பெயர், சம்பளம், மாதக் கணக்கு மூன்றும் எழுதியிருக்க வேண்டும். “பிறகு நிரப்பலாம்” என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

மகன் அடுத்த மாதம் முதல்முறையாகக் கப்பலுக்குப் போகிறான். பையில் என்ன வைத்துவிட?
— ஒரு தாய், ஆனந்தபுரி

வழுக்காத, அடி மெத்தென்ற கறுப்புச் சப்பாத்து இரண்டு சோடி. ஒன்று நனைந்தால் மற்றது. பற்றரியில் ஓடும் சின்ன அலாரம் மணிக்கூடு; போன் சார்ஜ் இறங்கினால் வேலைக்குப் பிந்திவிடுவான். கண்ணை மூடும் துணிப்பட்டை. காந்தக் கொக்கிகள் நாலைந்து: கப்பல் அறைச் சுவர் இரும்பு, ஆணி அடிக்க முடியாது, காந்தம் ஒட்டும். குடும்பப் படத்தைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுங்கள். போனில் இருப்பது போதாது. 2020-இல் பயணிகள் எல்லாரும் இறங்கிப் போய், நாங்கள் மாதக்கணக்கில் கடலில் நின்றபோது, என்னை யன்னல் வைத்த பயணியறை ஒன்றில் தனியே விட்டார்கள். 15 வருடத்தில் முதல் யன்னல். அதன் கண்ணாடி ஓரத்தில் நான் செருகிவைத்தது அம்மாவின் படத்தைத்தான்.

மிளகாய்த்தூள், மாசிச் சம்பல் எல்லாம் கட்டிக் கொடுக்க ஆசையாக இருக்கும். பெரும்பாலும் விமான நிலையத்திலோ கப்பல் வாசலிலோ எடுத்துவிடுவார்கள். எள்ளுருண்டை கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். கப்பலுக்குப் போய்ச் சேரும்வரை வழியில் சாப்பிடட்டும்.

விடுமுறையில் வரும்போது முதல் மூன்று நாளைக்குச் சொந்தக்காரரைக் கூப்பிடாதீர்கள், கோயிலுக்கும் இழுக்காதீர்கள், காலையில் எழுப்பவும் வேண்டாம். நான் முதல்முறை வந்தபோது அம்மா எங்கள் சேவலைக்கூட மூன்று நாளைக்குப் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய்க் கட்டியிருந்தா.